ஏறக்குறைய எட்டு மணி நேரம், முப்பது கிலோ: ஓர் ஒலிப்புத்தக மதிப்புரை

டிம் ஓ'பிரையனின் 'தி திங்ஸ் தே கேரீட்' நூலை ஒலிப்புத்தகமாக வாங்கலாமா என்று கேட்டால் வாங்கலாம் என்பேன். தாள் புத்தகம் வீட்டில் இருந்தாலும் வாங்கலாம். காரணம் அதன் முதல் கதை. வியட்நாமில் கால்நடையாகத் திரிந்த ஓர் அமெரிக்கக் காலாட்படைக் குழுவில் யார் யார் எதையெதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், ஒவ்வொன்றும் எத்தனை பவுண்டு, எத்தனை அவுன்ஸ் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் போகும். கண்ணால் படிக்கும்போது எண் வருகிற இடத்தில் பார்வை வழுக்கி அடுத்த பத்திக்குப் போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது. காதால் கேட்கும்போது அந்தச் சலுகை கிடையாது. ஹெல்மெட், பூட்ஸ், கவச உடுப்பு, தண்ணீர், தோட்டா என்று ஒருவர் நிதானமாக அடுக்க, நாம் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். திருச்சியில் மூட்டை தூக்கித் தோளும் இடுப்பும் போனவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அதனால் இந்த மதிப்புரையில் இலக்கியத்தைவிட எலும்பும் நரம்பும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைப் பற்றி. புத்தகம் 1990-இல் வந்தது. முதல் கதை மட்டும் அதற்கு முன்பே, 1986-இல் எஸ்குவயர் இதழில் வந்துவிட்டது. மொத்தம் 22 பகுதிகள். சில முழுக் கதைகள், சில ஒன்றிரண்டு பக்கத் துண்டுகள். ஆசிரியர் 1969-70-இல் குவாங் ஙாய் மாகாணத்தில் காலாட்படை வீரராக இருந்தவர். கதை சொல்கிறவருக்கும் டிம் ஓ'பிரையன் என்றே பெயர். ஆனாலும் முகப்பிலேயே இது புனைவு என்று போட்டுவிட்டு, நூலை அதில் வரும் கற்பனைப் பாத்திரங்களுக்கே சமர்ப்பணமும் செய்திருக்கிறார். எது நடந்தது, எது நடக்காதது என்று தேட ஆரம்பித்தால் தலை சுற்றும். தேடாமல் கேளுங்கள். ஒலிவடிவம் 2013-இல் வந்தது. வாசிப்பவர் பிரையன் கிரான்ஸ்டன், 'பிரேக்கிங் பேட்' தொடரில் வேதியியல் ஆசிரியராக வருவாரே, அவர்தான். நீளம் ஏறக்குறைய எட்டு மணி நேரம்.

இனி எடைக்கு வருகிறேன். பவுண்டும் அவுன்சும் நம் காதுக்குப் பழக்கமில்லாதவை என்பதால் ஒரு காகிதத்தில் கிலோவாக மாற்றிக்கொண்டே கேட்டேன். ஹெல்மெட் 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ. அது கழுத்து எலும்புகளின் மேல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். கவச உடுப்பு 6.7 பவுண்டு, 3 கிலோ. பூட்ஸ் 2.1 பவுண்டு. உணவு டப்பாக்கள், இரண்டு மூன்று குடுவை தண்ணீர், கத்தி, தீக்குச்சி, கொசுவிரட்டி, உப்பு மாத்திரை போன்ற அன்றாடச் சாமான்கள் எல்லாம் சேர்த்து 15 முதல் 20 பவுண்டு, ஆளின் சாப்பாட்டைப் பொறுத்து.

ஹென்றி டாபின்ஸ் என்று ஒருவர். ஆள் பெரியவர், அதனால் இயந்திரத் துப்பாக்கி அவர் தலையில் விழுகிறது. எம்-60, காலியாக 23 பவுண்டு. கதை சொல்கிறவர் உடனே சேர்த்துச் சொல்கிறார்: அது அநேகமாக எப்போதும் காலியாக இருந்ததில்லை. நெஞ்சிலும் தோளிலும் மாலை மாலையாகத் தோட்டா வார்கள், இன்னும் 10 முதல் 15 பவுண்டு. ஹெல்மெட்டிலிருந்து தோட்டா வரை எல்லாவற்றையும் நான் கூட்டிப் பார்த்தேன். 28 கிலோவுக்கும் 33 கிலோவுக்கும் இடையில் வருகிறது. இத்தனைக்கும் அவர் தனியாக எடுத்துப்போன டப்பாப் பழத்தையும் கேக்கையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. பாகில் ஊறிய பீச் பழத்தைக் கேக்கின் மேல் ஊற்றிச் சாப்பிடப் பிடிக்குமாம் அவருக்கு.

உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு வீரனின் முதுகில் ஏற்றக் கூடாது என்று ராணுவத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. 70 கிலோ ஆளுக்கு 23 கிலோ. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். உடம்பு முன்னால் சாயும். சாய்ந்தபின் எதிரே பார்க்கக் கழுத்தை நிமிர்த்தியாக வேண்டும், அதனால் பிடரி இறுகும். அடி குறுகும், பாதத்தில் கொப்புளம் வரும். பையின் வார் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றையை அழுத்தினால் கை மரத்துப்போகும், தோள்பட்டை எலும்பு முதுகில் துருத்திக்கொண்டு நிற்கும். இதற்கு மருத்துவத்தில் 'ரக்சாக் பால்சி' என்றே பெயர். வலி பெரிதாக இருக்காது. ஒருநாள் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதபோதுதான் தெரியும். ஓ'பிரையன் இந்த நோயைச் சொல்லவில்லை, ஆனால் அது வரும் வழி முழுவதையும் எழுதிவைத்திருக்கிறார். டேவ் ஜென்சன் என்பவர் மூன்று ஜோடி காலுறையும் பாதப் பவுடரும் எடுத்துப்போகிறார். வயலும் சகதியுமாக நடப்பவனுக்குத் துப்பாக்கிக்கு அடுத்தபடி அதுதான் தேவை. பாதம் நாள் கணக்கில் ஈரத்தில் ஊறினால் தோல் வெளுத்து உரியும், அப்புறம் அழுகும். பல் துலக்கியும் சோப்பும் கொண்டுபோகிற ஜென்சனைக் கதையில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. என் கிளினிக்காக இருந்தால் அவருக்குத்தான் முதல் மதிப்பெண்.

இந்தப் பட்டியலை ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற என் நோயாளி ஒருவரிடம், தோளுக்கு அல்ட்ராசவுண்ட் வைத்தபடி சொன்னேன். துப்பாக்கி எடையெல்லாம் அவரை அசைக்கவில்லை. "தண்ணி எவ்வளவுன்னு எழுதியிருக்கானா, டாக்டரம்மா?" என்றார். "ரெண்டு மூணு குடுவைன்னு இருக்குங்க ஐயா" என்றேன். "குடிக்கிறவனுக்கேத்த மாதிரின்னு சொல்லியிருப்பானே?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றதும் தலையாட்டினார். "அப்ப நடந்தவன்தான்." அவ்வளவுதான், கண்ணை மூடிக்கொண்டார்.

எடைக் கணக்கில் என்னை அசைத்தது டெட் லாவெண்டர். பயந்த சுபாவம், அதற்காக மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பவர். அவர் கையில் எம்-79 என்ற குண்டு எறியும் கருவி. வழக்கமாக அதற்கு 25 குண்டுகள் எடுத்துப்போவார்கள், ஒவ்வொன்றும் 10 அவுன்ஸ். லாவெண்டர், 'தான் கே' என்ற கிராமத்துக்கு வெளியே சுடப்பட்டு விழும்போது அவரிடம் இருந்தவை 34. கதை இந்த எடையையெல்லாம் அடுக்கிவிட்டு, கடைசியில் எடைபோடப்படாத பயம் என்ற ஒன்றையும் சேர்க்கிறது. எனக்கு அங்கே ஒரு சின்னச் சண்டை உண்டு. எடைபோட முடியும் என்கிறேன் நான். தேவைக்கு மேல் ஒன்பது குண்டுகள், தலா 10 அவுன்ஸ். இரண்டரைக் கிலோ. அந்த மனிதனின் பயத்தின் எடை அதுதான். அவர் தன் முதுகெலும்பின் மேல் தானே ஏற்றிக்கொண்டது.

பயந்தவன் சுமையைக் குறைத்துக்கொண்டு ஓடத் தயாராக அல்லவா இருக்க வேண்டும்? இங்கே தலைகீழ். பயம் கூடக்கூடச் சுமையும் கூடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற சாமான்களைக் கேட்டால் பட்டியலே வேறு மாதிரி தெரிகிறது. டாபின்ஸ் தன் காதலியின் நீளக் காலுறையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரிகிறார். கியோவா என்ற செவ்விந்திய வீரரிடம் அப்பா கொடுத்த பைபிள், தாத்தாவின் கைக்கோடரி. குழுத் தலைவர் ஜிம்மி கிராஸுக்கு 24 வயது. அவரிடம் மார்த்தா என்ற கல்லூரிப் பெண் எழுதிய கடிதங்கள், 10 அவுன்ஸ். அவள் கடற்கரையில் பொறுக்கி அனுப்பிய கூழாங்கல், மிஞ்சினால் ஓர் அவுன்ஸ். அந்தக் கல்லை நாக்கில் வைத்துக்கொண்டு உப்பை உறிஞ்சியபடியே நடக்கிறார்.

மூட்டை தூக்குகிறவர்கள் துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டுவார்களே, இவையெல்லாம் அதுதான். சும்மாட்டுக்கும் எடை உண்டு, ஆனால் அதை வைத்தால்தான் மேலே இருப்பது நிற்கும். டாபின்ஸின் காதலி பாதியில் கடிதம் போட்டு உறவை முறித்துக்கொள்கிறாள். ஆள் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டுக் காலுறையை எடுத்து மறுபடி கழுத்தில் கட்டிக்கொள்கிறார். மந்திரம் அவளோடு போய்விடவில்லை என்கிறார். மிகச் சின்னப் பகுதி அது. இரண்டு நிமிடம் இருக்குமா? நூலில் எனக்கு மிகப் பிடித்த இடம்.

தேவையில்லாததைத் தூக்கி எறிகிற காட்சியும் உண்டு. கால் கடுத்தால் உணவு டப்பாக்களைத் தூக்கி எறிவார்கள், கண்ணிவெடியையும் கையெறி குண்டையும் வெடிக்கவைத்து ஒழிப்பார்கள். கவலையில்லை, சாயங்காலம் ஹெலிகாப்டர் வந்து அதே சாமான்களை இறக்கும். கூடவே தர்ப்பூசணி, கறுப்புக் கண்ணாடி, கம்பளி ஸ்வெட்டர். அமெரிக்காவின் செல்வத்துக்கு அளவே இல்லை, அதனால் சுமப்பதற்குப் பொருள் ஒருபோதும் தீராது என்று சிரிக்காமல் சொல்கிறார் ஓ'பிரையன். கிரான்ஸ்டனும் சிரிக்காமலே வாசிக்கிறார்.

ஜிம்மி கிராஸின் சுமை வேறு மாதிரி. ஒரு வீரர் எதிரியின் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறார். மேலே காத்திருக்கும் கிராஸ் உள்ளே எட்டிப் பார்த்தபடி மார்த்தாவை நினைத்துக்கொண்டிருக்கிறார். இறங்கியவர் பத்திரமாகச் சிரித்துக்கொண்டு மேலே வருகிறார். அந்த நேரத்தில்தான் சிறுநீர் கழித்துவிட்டுத் திரும்பிய லாவெண்டர் தலையில் குண்டு பாய்ந்து விழுகிறார். அவரை அவருடைய மழைப்போர்வையிலேயே சுற்றி ஹெலிகாப்டரில் ஏற்றுகிறார்கள். பட்டியலில் இரண்டு பவுண்டு என்று முன்பே கேட்ட அதே மழைப்போர்வை. பிறகு 'தான் கே' கிராமத்தைக் கொளுத்துகிறார்கள், கோழியையும் நாயையும் சுடுகிறார்கள், கிணற்றைப் பாழாக்குகிறார்கள். மறுநாள் காலை மழையில் கிராஸ் குழிக்குள் குந்தி உட்கார்ந்து கடிதங்களையும் படங்களையும் எரிக்கிறார். 10 அவுன்ஸ் குறைந்தது. பழி குறையவில்லை. இனி ஒழுங்காக இருப்போம், கண்டிப்பாக இருப்போம் என்று தனக்குத்தானே திட்டம் போடுகிறார் பாருங்கள், அந்த 24 வயதுப் பையனை உலுக்கி உட்காரவைத்து, உன்மேல் மட்டும் போட்டுக்கொள்ளாதே என்று சொல்லத் தோன்றியது.

மழையாற்றங்கரைக் கதையைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன், நீங்களே கேட்க வேண்டும். 1968 ஜூன், கட்டாய ராணுவச் சேவைக்கு ஆணை வருகிறது. கதைசொல்லி அப்போது 21 வயதுப் பையன். பன்றி வெட்டும் ஆலையில் வேலை, குளித்தாலும் போகாத நாற்றம். போர் தவறு என்று நினைக்கிறான். கனடா எல்லைக்கு ஓடுகிறான். அங்கே விடுதி நடத்தும் 81 வயதுப் பெரியவர் ஒரு கேள்வியும் கேட்காமல் படகில் ஏற்றிக்கொண்டு கனடாக் கரைக்குச் சில கெஜ தூரத்தில் நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டியபடி மீன் பிடிக்கிறார். குதித்தால் தப்பிக்கலாம். முடியவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கம். இந்த நூலில் வெட்கம்தான் எல்லாவற்றிலும் கனமானது. பல் மருத்துவரைப் பார்த்து மயங்கி விழுந்த ஒருவன், அந்த அவமானம் தாங்காமல் நடுராத்திரியில் போய், நன்றாக இருக்கும் பல்லைப் பிடுங்கச் சொல்கிற கதைகூட உண்டு. சிரிப்பு வரும். என் தொழிலில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

ராட் கைலி குழுவின் மருத்துவ உதவியாளர். மார்ஃபின், பிளாஸ்மா, மலேரியா மாத்திரை, கட்டுத் துணி என்று 20 பவுண்டுக்கு ஒட்டிய பை. அதில் மிட்டாயும் இருக்கும், மிக மோசமான காயங்களுக்கு. முதலில் கேட்கும்போது நகைச்சுவையாகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது: மருந்து உதவாத கட்டத்தில் ஒரு பையனின் வாயில் போட இனிப்பாவது வேண்டும். எல்லோருக்கும் கட்டுப் போட்ட இந்த ஆள், இரண்டு வாரம் ராத்திரியில் மட்டுமே நடக்கும் ஒரு கட்டத்தில் நிலைகுலைகிறார். நண்பர்களைப் பார்த்தால் உறுப்பு உறுப்பாகத் தெரிகிறது, பூச்சிகள் தன்னைத் தின்ன வருவதாகத் தோன்றுகிறது. கடைசியில் தன் காலைத் தானே சுட்டுக்கொண்டு வெளியேறுகிறார். யாரும் அவரைத் திட்டுவதில்லை. விபத்து என்று சாட்சி சொல்கிறேன் என்கிறார் கிராஸ்.

கைலி செய்கிற வேறொரு காரியமும் உண்டு. நண்பன் செத்த அன்று ஓர் எருமைக் கன்றை அவர் கொல்லும் விதம். காதில் ஹெட்போனோடு அதைக் கேட்பது கொடுமை. நான் பேருந்தில் இருந்தேன், நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விலங்குக் கொடுமை தாங்காதவர்கள் உண்மையான போர்க்கதை சொல்வது எப்படி என்ற பகுதியின் நடுவில் தயாராக இருங்கள்.

சுமையை இறக்கிவைத்த பிறகு என்ன? பல வருடம் மூட்டை தூக்கியவர்கள் வேலையை விட்டபின்னும் முன்னால் சாய்ந்தே நடப்பார்கள். நிமிருங்கள் என்றால், நிமிர்ந்துதானே இருக்கிறேன் என்பார்கள். நார்மன் பௌக்கர் கதையைக் கேட்டபோது அந்த நடைதான் கண்ணில் வந்தது. போர் முடிந்து ஐயோவா மாநிலத்தில் சொந்த ஊருக்கு வந்துவிட்டார். முதுகில் பை இல்லை. ஜூலை 4, சுதந்திர தினம். அப்பாவின் செவர்லே காரில் ஊர் ஏரியைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஏழு பதக்கங்கள் வாங்கியவர். ஆனால் சகதியில் மூழ்கிக்கொண்டிருந்த கியோவாவின் பூட்ஸைப் பிடித்து இழுத்து, நாற்றம் தாங்காமல் விட்டுவிட்ட அந்த ஒரு ராத்திரி. அது ஊர்க்காரர்கள் மலம் கழிக்கும் வயல் என்பது தெரியாமல் அங்கே முகாம் போட்டிருந்தார்கள். இதை யாரிடம் சொல்வது? அப்பா டிவியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காரில் இருந்தபடியே சாப்பாடு வாங்கும் கடை ஒன்றில் பர்கர் கேட்கிறார். ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து கடைப் பையனின் குரல், வேறு ஏதாவது வேண்டுமா, சொல்லுங்கள், கேட்கிறேன் என்கிறது. சொல்ல வாயெடுக்கிறார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஒலிப்புத்தகத்தின் உச்சம் இதுதான் என்பேன். நம் காதில் ஏற்கெனவே ஒரு முகமில்லாத குரல் ஓடிக்கொண்டிருக்கும்போது, இன்னொரு முகமில்லாத குரல் ஒருவனிடம் சொல்லு என்கிறது. தாளில் இது கிடைக்காது. அடுத்த பகுதியில் பௌக்கர் என்ன ஆனார் என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. தற்கொலை பற்றிய பேச்சு உங்களுக்குக் கஷ்டம் தரும் என்றால் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள், கதைத் தொடர்ச்சி கெடாது.

குறைகளும் உண்டு. ஓர் அமெரிக்க முகாமுக்கு இளஞ்சிவப்பு ஸ்வெட்டரில் வந்து இறங்கும் ஒரு வீரரின் காதலி கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டோடு கலந்துபோகும் கதையைப் பலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு நீளமாகப் பட்டது. நடுவில் கதைசொல்லியைக் கேட்பவர்கள் குறுக்கிட்டுக் குறுக்கிட்டுச் சண்டை போடுவது காதுக்குக் குழப்பம், யார் பேசுகிறார்கள் என்று பின்னால் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பொதுவாகவே பெண்கள் இதில் கடிதமாக, படமாக, காலுறையாகத்தான் இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய குறை வியட்நாமியர்கள். தான் கே கிராமம் எரிந்தபின் அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள், எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்? ஓர் அவுன்ஸ் கணக்குகூட இல்லை. கதைசொல்லி தான் கொன்ற இளைஞனைப் பற்றி ஒரு பகுதி முழுக்கப் பேசுகிறார். அவன் மெலிந்த மணிக்கட்டு, கண் இருந்த இடத்தில் நட்சத்திர வடிவக் குழி, படிப்பில் ஆசை, போருக்குப் பயம். அத்தனையும் செத்தவனைப் பார்த்து இவர் கற்பனை செய்வது. அதுவும் இவருடைய சுமைதான். மறுபக்கத்து முதுகு எப்படி வளைந்தது என்று தெரிய வேண்டுமானால் பாவ் நின் எழுதிய 'தி சாரோ ஆஃப் வார்' நாவலுக்குப் போக வேண்டும். வட வியட்நாம் வீரராக இருந்தவர். 500 பேரோடு போன அவருடைய படைப்பிரிவில் மிஞ்சியது 10 பேர். அதன் நாயகன் கியென், போர் முடிந்தபின் காட்டில் எலும்புகளைப் பொறுக்கிச் சேர்க்கும் குழுவில் இருக்கிறான். அந்த எலும்புகள் கிடக்கும் லாரியிலேயே ஏணை கட்டித் தூங்குகிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது, ஆனால் ஒரே மாதத்தில் வேண்டாம்.

கிரான்ஸ்டனின் வாசிப்பு எப்படி? நடிகராயிற்றே, குரலை ஏற்றி இறக்கி நாடகமாக்கிவிடுவாரோ என்று பயந்தேன். அப்படி இல்லை. கரகரத்த குரல், அவசரமில்லாத வேகம். எடைகளைச் சொல்லும்போது கிடங்கில் சரக்கு சரிபார்ப்பவரின் தொனி, மரணத்தைச் சொல்லும்போதும் அதே தொனி. அதுதான் சரி. வேகத்தை ஒன்றேகால் மடங்காக்கிக் கேட்பவர்கள் இதில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். ஆங்கிலம் கடினமில்லை, வாக்கியங்கள் எளியவை. ராணுவக் கொச்சையும் கெட்ட வார்த்தையும் தாராளம். வீட்டில் ஸ்பீக்கரில் போடுகிற புத்தகம் இல்லை.

நான் வாங்கிய செயலியில் பகுதிகளின் பெயர் இல்லாமல் வெறும் எண்தான் காட்டியது. காலுறைக் கதையை மறுபடி கேட்க எட்டு, ஒன்பது, பத்து என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 22 துண்டுகள் உள்ள நூலுக்கு இது எரிச்சல். வாங்கும் முன் மாதிரியைத் திறந்து உங்கள் செயலியில் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லையென்றால் நூலின் பொருளடக்கத்தைக் கையால் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது உத்தமம்.

கடைசியில் ஒரு கூடுதல் கட்டுரை வருகிறது. 1994-இல் ஓ'பிரையன் வியட்நாமுக்குத் திரும்பிப் போய்வந்தபின் நியூயார்க் டைம்ஸ் இதழுக்கு எழுதியது, அவரே வாசிக்கிறார். 1968 மார்ச் 16 அன்று அமெரிக்க வீரர்கள் கிராமத்து மக்களைக் கொன்று குவித்த மை லாய்க்கும் போகிறார். அதற்கு அடுத்த வருடம் அதே பகுதியில்தான் அவருடைய படைப்பிரிவு திரிந்தது. கிராமவாசிகள் இவர்களை ஏன் அப்படி வெறுத்தார்கள் என்று அப்போது தங்களுக்குத் தெரியவே தெரியாது என்கிறார். நாவலில் காணாமல்போன அந்த மறுபக்கத்துக் கணக்கின் ஒரு மூலை இங்கேதான் திறக்கிறது. பயிற்சி பெற்ற நடிகரின் குரலுக்குப் பின்னால் சாதாரணக் குரல், பின்னணி இசை எதுவும் கிடையாது. தூக்கமின்மை, மனச்சோர்வு, சாக வேண்டும் என்று தோன்றிய ராத்திரிகள், முறிந்த காதல் என்று எதையும் கதைக்குள் ஒளித்துவைக்காமல் பேசுகிறார். புத்தகம் முடிந்த கையோடு அதைப் போடாதீர்கள். நான் போட்டேன், பாதியில் நிறுத்தி, ஒரு வாரம் கழித்துத்தான் மீதியைக் கேட்க முடிந்தது.

மாதச் சந்தாவில் ஒரு புத்தகம் எடுக்கிற வழி இருந்தால் அதிலேயே எடுங்கள், தனியாக வாங்கினால் விலை அதிகம். தாள் பதிப்பா ஒலிப்பதிப்பா என்று ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கு: முதல் கதை, பௌக்கர் கதை, ஆசிரியரின் கட்டுரை மூன்றுக்காகவும் ஒலிப்பதிப்பு. அந்தப் பெண்ணின் காட்டுக்கதையை மட்டும் நூலகத்தில் தாளில் படித்துக்கொள்ளலாம்.